செம்மொழியும் பூதலூர் ஃபயர்வாலும்

செம்மொழியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏதோ ஒரு கருவி பழுதாகிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும். சொல்ல வந்தவர் அழாத குறையாக நிற்பார். இவளோ கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு, "எங்க, எங்க, காட்டுங்க" என்று எழுந்து நிற்பாள். "அடுத்தவங்க வயித்தெரிச்சல்ல நிக்கிறப்ப பல்லைக் காட்டாதடி" என்று அவள் அம்மா பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். பழக்கம் போனபாடில்லை.

தஞ்சாவூரில் 'பொன்னிவயல்' என்று ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். விவசாயிகளே பங்கு போட்டு நடத்துவது. விதை, உரம், நெல் கொள்முதல் எல்லாம் உண்டு. தலைமை அலுவலகம் தஞ்சாவூரில், கிளைகள் பூதலூரிலும் கும்பகோணத்திலும் சீர்காழியிலும். இத்தனை இடத்துக் கணினிகளுக்கும் வைத்தியம் பார்ப்பது செம்மொழியின் வேலை. துணைக்கு அய்யம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஹஃப்ஸா. இரண்டு பெண்களும் சேர்ந்துவிட்டால் அந்த அறையில் சத்தத்துக்குக் குறைவிருக்காது.

செம்மொழியின் அப்பா மருதையன் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இன்று சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு, எதற்கும் அசையாத கறுப்புச் சட்டை உண்டு. மளிகைக் கடையில் கொடுக்கும் நாட்காட்டியை வீட்டில் மாட்டுவதற்கு முன்னால் நல்ல நேரம், ராகு காலம் போட்டிருக்கும் இடங்களைப் பேனாவால் அடித்துவிடுவார். முந்நூற்றுச் சொச்சம் தாளையும் உட்கார்ந்து அடிப்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் வளர்ந்த செம்மொழிக்குத் தேதி என்றால் வெறும் எண். அதில் நல்லது கெட்டது இருக்கும் என்பதே அவள் நினைப்பில் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் சில வருடம் ஓர் உயரமான கட்டடத்தில் உட்கார்ந்து, கால் வைத்தே இராத நாடுகளின் வங்கிகளுக்குக் காவல் பார்த்தாள். திரையில் ஃபயர்வால் பதிவுகள் ஓடிக்கொண்டே இருக்கும், அதில் கோணலாக எது போனாலும் கண்டுபிடிக்க வேண்டும். ஃபயர்வால் என்பது அலுவலகத்துக் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள், யாரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே இருக்கும். அந்த வரிகளைப் படிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ருசி. ஆனால் யாரோ ஒரு நாட்டு வங்கிக்கு எதற்கு இத்தனை பாடு, நம்ம ஊரில் கணினி கெட்டுப்போகாதா என்று ஒருநாள் தோன்றியது. மறுமாதமே தஞ்சாவூர் ரயிலில் ஏறிவிட்டாள்.

வந்ததும் செய்த முதல் வேலை, கிளைகளில் இருக்கும் ஃபயர்வால் எல்லாம் தங்கள் பதிவுகளைத் தஞ்சாவூரில் இருக்கும் ஒரே சர்வருக்கு உடனுக்குடன் அனுப்பும்படி ஏற்பாடு செய்தது. அந்தச் சின்னப் பெட்டிகளுக்கு ஞாபகம் குறைவு. கரண்ட் போனால் எழுதியதெல்லாம் மறந்துவிடும். நம்ம பக்கத்தில் கரண்ட் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். ஆகவே எழுதியதை எழுதிய கையோடு தஞ்சாவூரில் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். பழைய கணினி ஒன்றைத் தட்டி நிமிர்த்தி அந்தச் சர்வரை அவளே கட்டினாள். அதற்குக் 'களஞ்சியம்' என்று பேரும் வைத்தாள்.

இனி அந்த நாளுக்கு வருவோம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலையில் செம்மொழி அறைக்குள் நுழையும்போதே ஹஃப்ஸா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பூதலூர்லேர்ந்து ஒரு வரிகூட வரலைக்கா. நேத்து இல்லை, முந்தாநாள் இல்லை. புதுப் பெட்டி வச்ச அன்னிலேர்ந்தே ஒண்ணும் இல்லை."

செம்மொழியின் முகம் வழக்கம்போல மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது. ஏனென்றால் இது வெறும் பழுதில்லை, இதில் ஒரு பெண்ணின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

பூதலூர் கிளையில் கணினி பார்ப்பவள் மேகலா. பக்கத்துக் கிராமத்துப் பெண், ஒப்பந்த வேலை. பதினெட்டாம் பெருக்கு அன்று மத்தியானமே கிளையைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் வந்து பார்த்தால் சம்பாவுக்கு விதை கேட்டு விவசாயிகள் செய்திருந்த பதிவுகள் அத்தனையும் கணினியில் அழிந்து கிடந்தன. நகல் தஞ்சாவூரில் இருந்ததால் பதிவுகளைச் செம்மொழி உடனே மீட்டுக் கொடுத்துவிட்டாள். மேகலாவின் பேரை மீட்பதுதான் நடக்கவில்லை. அழித்தது மேகலா பெயரில் நடந்திருக்கிறது, சாவியும் மேகலாவிடம். "வேற யாரு வந்து அழிச்சிருப்பா? ஆவணி ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீ வர வேணாம்" என்று கிளை மேலாளர் இளையபெருமாள் சொல்லிவிட்டார். விதையை அழித்தவள் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியாயிற்று. நெல் விளையும் ஊரில் ஒரு பெண்ணுக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேண்டுமா? ஐந்தாம் தேதி சாயங்காலம் நிறுவனத்தின் தலைவர் ராசம்மாள் பூதலூருக்கு வந்து விசாரித்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

பெருக்கு அன்று வெளியிலிருந்து யாராவது கணினிக்குள் நுழைந்திருந்தால் ஃபயர்வால் அதை எழுதியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு பூதலூரில் கரண்ட் போய்விட்டது. பெட்டியின் ஞாபகத்தில் ஒன்றும் இல்லை. மேகலாவைக் காப்பாற்ற முடிந்தால் களஞ்சியத்தில் இருக்கும் வரிகளால்தான் முடியும். களஞ்சியத்தின் பூதலூர் மூலையோ காலி.

"ஆடி பொறந்ததும் இடி விழுந்து பழைய பெட்டி செத்துச்சுல்ல? பிரபுதான் போய்ப் புதுசு வச்சாரு. 'எல்லாம் போட்டாச்சு மேடம்'னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்" என்றாள் ஹஃப்ஸா.

பிரபு கருவிகள் விற்கும் கடையிலிருந்து வரும் தொழில்நுட்ப ஆள். செம்மொழி அந்தச் சமயம் சீர்காழியில் புதுக் கட்டடத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தும் திறந்து பார்க்கவில்லை. அதற்காகத் தன்னைத் தானே நாலு திட்டு திட்டிக்கொண்டு, இங்கிருந்தே பூதலூர் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தாள். பதிவுகளை எங்கே அனுப்ப வேண்டும் என்ற முகவரி சரியாக இருந்தது. ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள், சரி. அனுப்பும் வசதி இயக்கத்தில் இருந்தது, சரி. களஞ்சியத்தின் பக்கம் வாசல் திறந்திருந்தது. கும்பகோணமும் சீர்காழியும் அந்த வாசல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன.

"எல்லாம் சரியா இருக்கு, ஆனா வரலை!" என்று சொல்லும்போது செம்மொழியின் குரல் ஏறிவிட்டது. "ஹஃப்ஸா, இது சாதாரண வியாதி இல்லைடி!"

"சந்தோஷப்படாதீங்கக்கா, பயமா இருக்கு."

"நீ இங்கயே உக்காரு. நான் பூதலூர் போறேன். பெட்டி அனுப்புதா இல்லையான்னு அங்கேர்ந்து ஒவ்வொண்ணா தட்டிப் பார்ப்போம்."

பாசஞ்சர் ரயில் ஆலக்குடியைத் தாண்டியபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்கால்களில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நாற்றங்காலுக்கு ஆட்கள் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் இருந்த ஆள் தண்ணீர் கடைமடைக்குப் போகுமா போகாதா என்று போனில் யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். திறந்துவிட்ட தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றால் நடுவில் எங்கோ உடைப்பு இருக்கிறது, அல்லது வேறு வாய்க்காலில் திரும்பியிருக்கிறது. செம்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடைப்பைத்தானே தேடிக்கொண்டிருந்தோம், திரும்பியிருக்கலாம் என்று யோசிக்கவே இல்லையே என்று நினைத்தாள். அதை ஹஃப்ஸாவிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தால் சிக்னல் இல்லை.

பூதலூர் கிளையில் இளையபெருமாள் இல்லை, வெளியே போயிருந்தார். மேகலா மட்டும் இருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. விதை வாங்க வந்த ரெண்டு பேர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு வெளியே போய் நின்றார்கள்.

"மேடம், நான் எதையும் தொடலை மேடம். சத்தியமா."

"தெரியும். நீங்க தொடலைன்னு பெட்டியையே சொல்ல வைப்போம், வாங்க" என்றாள் செம்மொழி. அவள் சொன்ன வேகத்தில் மேகலாவுக்கே அழுகை நின்றுவிட்டது.

ஃபயர்வால் சுவரலமாரியில் இருந்தது. நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். மூடியின் மேல் ஒரு எலுமிச்சம்பழம், காய்ந்துபோன கதம்பச் சரம். கறுப்புச் சட்டைக்காரர் மகளுக்கு அதைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: காற்றுப் போகும் ஓட்டையில் பூ விழுந்தால் பெட்டி சூடாகிவிடுமே. எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு விளக்குகளைப் பார்த்தாள். எல்லாம் பச்சை.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். "ஹஃப்ஸா, களஞ்சியத்துக்குள்ள விழுந்த பதிவைப் பார்க்காத. வாசல்ல நில்லு. பூதலூர்லேர்ந்து வயர்ல எது வந்தாலும் பிடிச்சுக் காட்டச் சொல்லு. தயாரா?"

"தயார்க்கா."

"மேகலா, அந்த பிரிண்டர் வயரை உருவுங்க."

மேகலா உருவினாள். வயர் கழன்றால் அதையும் ஃபயர்வால் ஒரு வரியாக எழுதி அனுப்பும். இது சாதாரணக் கடுதாசி மாதிரி. அனுப்பியவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது, வாங்குகிற இடத்தில்தான் ஆள் நின்று பார்க்க வேண்டும்.

போனில் ஒரு கூச்சல். "வந்துச்சுக்கா! யா அல்லா, வந்துச்சு!"

"சொருகுங்க மேகலா!"

"மறுபடியும் வந்துச்சு!"

"உருவுங்க!"

"வந்துச்சு வந்துச்சு!"

மேகலாவுக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரியவில்லை, ஆனால் தான் ஒரு வயரை உருவினால் தஞ்சாவூரில் ஒருத்தி கத்துகிறாள் என்பது புரிந்தது. சொல்லாமலேயே உருவிச் சொருகி உருவிச் சொருகிக் கொண்டிருந்தாள். வெளியே போய் நின்ற இரண்டு பேரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இப்ப உள்ள பாரு ஹஃப்ஸா. இன்னிக்குத் தேதிப் பதிவுல பூதலூர் இருக்கா?"

"இல்லைக்கா. காலி."

செம்மொழி மேசையைத் தட்டினாள். வாசல் வரை வருகிறது, உள்ளே இல்லை. அப்படியென்றால் குற்றம் பூதலூரில் இல்லை, நடுவழியிலும் இல்லை. தான் கட்டிய களஞ்சியத்துக்குள்ளேயே வேறு எங்கோ போய் விழுகிறது. வரும் வரிகளை எங்கே போட வேண்டும் என்று களஞ்சியத்துக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவள்தான். ஒவ்வொரு வரியும் தன் தலையில் எந்தத் தேதியைச் சுமந்து வருகிறதோ அந்தத் தேதி அறையில் போடு என்று சொல்லி வைத்திருந்தாள். பெட்டி சொல்லும் தேதியை நம்பி வைத்திருந்தாள்.

"ஹஃப்ஸா! தேடுற திரையை விட்டுடு. நேரா உள்ள போய், இப்ப இந்த நிமிஷம் எந்த ஃபைல் வளருதுன்னு பாரு. மேகலா, நிறுத்தாதீங்க, உருவுங்க!"

மேகலா உருவினாள். போனில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"அக்கா..."

"சொல்லுடி!"

"ஒரு அறை இருக்குக்கா, அதுலதான் போய் விழுது. ஆனா அந்தத் தேதி..." ஹஃப்ஸாவின் குரல் இறங்கிவிட்டது. "செப்டம்பர் ரெண்டுக்கா. அது இன்னும் வரவே இல்லையே."

செம்மொழி கைகொட்டிச் சிரித்துவிட்டாள். திரும்பியிருந்தது, தண்ணீர் வேறு வாய்க்காலில் திரும்பித்தான் இருந்தது. தேடும் திரை இன்றைய தேதி வரைதான் காட்டும். வராத நாளின் பதிவை யார் தேடப் போகிறார்கள் என்று அதை அப்படி எழுதியவளும் அவளேதான். அந்தச் சிரிப்பிலும் தலையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டாள்.

ஆனால் ஏன் செப்டம்பர்? கரண்ட் போனாலும் பெட்டியின் கடிகாரம் உள்ளே இருக்கும் பேட்டரியில் ஓடும், ஒன்றிரண்டு நிமிடம் பிசகலாம். கடிகாரமே இல்லாமல் வந்தால் ஏதோ பழைய வருடத்தைக் காட்டும். அச்சுப் பிசகாமல் நாலு வாரம் முன்னால் போகாது. கிழமைகூட மாறவில்லை. யாரோ கணக்குப் போட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இணையத்தைப் பார்த்துத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியையும் அணைத்திருக்கிறார்கள்.

"யாருக்கு என்ன வேண்டுதல், பெட்டியைச் செப்டம்பர்ல கொண்டுபோய் வைக்கணும்னு? ஹஃப்ஸா, உனக்கு ஏதாவது தோணுதா?"

"எனக்கு ஒண்ணும் தோணலைக்கா."

தோன்றாது. இரண்டு பேர் வீட்டிலும் ஆடி என்றால் காற்று, அவ்வளவுதான். கையில் வயரோடு நின்ற மேகலாதான் தயங்கித் தயங்கி வாய் திறந்தாள்.

"மேடம், செப்டம்பர்னா ஆவணிதானே?"

"ஆமா. அதனால?"

"இந்தப் பெட்டி வந்தப்ப ஆடி பொறந்து ஒரு வாரம். ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது, ஆவணியில வைங்கன்னு மேனேஜர் சார் ஒத்தைக் கால்ல நின்னாரு. பிரபு அண்ணன், அதுவரைக்கும் நெட் இல்லாம எப்படி சார்னு கேட்டுப் பார்த்துச்சு. சார் கேக்கலை. அப்புறம் அண்ணன், 'சரி விடுங்க, பெட்டிக்குள்ள ஆவணியாக்கிடுறேன், அதுக்கு முகூர்த்த நாளாவே இருக்கட்டும்'னுச்சு. சார் காலண்டரைப் பார்த்து ஒரு தேதி சொன்னாரு. அதைப் போட்டதுக்கப்புறம்தான் கற்பூரம் காட்டினாரு. விளையாட்டுக்குச் செய்யறாங்கன்னு நினைச்சேன் மேடம்."

செம்மொழி ஜன்னலில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். சந்தனத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து தேடிய காரணம் பெட்டியின் நெற்றியிலேயே பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் இந்தப் பொட்டைப் பார்த்ததும் என்றைக்குப் பூஜை என்று கேட்டிருப்பார்கள். அப்பா நாட்காட்டியில் அடித்த இடத்தில்தான் இந்தப் பழுது இருந்தது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மேகலா, நீங்கதான் இன்னிக்கு இன்ஜினியர்! ஹஃப்ஸா, எல்லாப் பதிவுக்கும் நாலு வாரம் கழிக்கணும். பெருக்கு ஆகஸ்ட் மூணு. எந்த அறையைத் திறக்கணும்?"

"முப்பத்தொண்ணு! ஆகஸ்ட் முப்பத்தொண்ணு! திறந்துட்டேன்கா!" ஹஃப்ஸாவின் குரல் மறுபடி ஏறியது. "காலையில எல்லாம் சாதாரணமா போகுது... மத்தியானம் கிளையில ஆளே இல்லை, அமைதி... இருங்க இருங்க. மூணு மணிக்கு மேல வெளிநாட்டு முகவரி ஒண்ணு. திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுதுக்கா, நூத்துக்கணக்கான தடவை! அப்புறம் உள்ள போயிடுச்சு. நேரா அந்தக் கணினிக்கு!"

"எந்த வழியா?"

"வெளியிலேர்ந்து கணினியை இயக்குற வழி. அதை யாரு திறந்து வச்சாங்க?"

அதுவும் பதிவில் இருந்தது. புதுப் பெட்டி வைத்த அன்றே திறந்தது. செம்மொழி பிரபுவுக்குப் போன் போட்டபோது அவன் முதலில் மழுப்பினான், பிறகு ஒப்புக்கொண்டான். வீட்டிலிருந்தே பழுது பார்க்கத் தோதாக இருக்கட்டும் என்று திறந்தானாம், மூட மறந்துவிட்டானாம். அந்தக் கணினியில் இருப்பதே ஒரே பயனர் பெயர், மேகலாவின் பெயர். வந்தவன் எவனாக இருந்தாலும் மேகலாவாகத்தான் தெரிவான். செம்மொழி அந்த வழியை உடனே அடைத்தாள்.

மேகலா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு மணிக்கு நான் ஆத்துல இருந்தேன் மேடம். என் மகளுக்குத் தலை துவட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். செம்மொழி அவள் தோளில் கை வைத்தாள்.

சாயங்காலம் ராசம்மாள் வந்தார். வயலிலிருந்து நேராக வந்தவர், முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்திருந்தது. இளையபெருமாளும் வந்தார். ஜன்னலோரத்தில் காலையில் பார்த்த இருவரோடு இன்னும் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். செம்மொழி கணினித் திரையைத் திருப்பி வைத்து நடந்ததைச் சொன்னாள். வேகமாகப் பேசுகிறோமே என்று நடுவில் அவளுக்கே தோன்றியது, ஆனால் குறைக்க முடியவில்லை.

இளையபெருமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். கெட்டவர் இல்லை அவர். தன் கிளையில் ஒரு தப்பு நடந்துவிட்டதே என்று பயந்துபோன மனிதர். பயந்தவர் கையில் யார் கிடைக்கிறார்களோ அவர்கள் மேல் பழி விழும். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது.

"இதுல ஆகஸ்ட் முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. இன்னிக்கு அஞ்சுதான். நடக்காத நாள்ல நடந்ததை எப்படிம்மா நம்பறது? தலைவரம்மா, நாளைக்கு எவன் கேட்டாலும் சிரிப்பான்."

ராசம்மாள் செம்மொழியைப் பார்த்தார். "அது நியாயமான கேள்விதானே?"

"நியாயம்தான் தலைவரம்மா. நீங்களே பாருங்க." செம்மொழி பிரிண்டர் வயரை அவர் கையில் கொடுத்தாள். "இதை உருவுங்க."

ராசம்மாள் உருவினார். திரையில் ஒரு வரி விழுந்தது: செப்டம்பர் இரண்டு. ராசம்மாள் தன் போனை எடுத்துத் தேதியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மறுபடி சொருகினார். இன்னொரு வரி. அதற்கும் செப்டம்பர் இரண்டு.

"எதைச் சொன்னாலும் நாலு வாரம் தள்ளித்தான் சொல்லுது. நேரம் பிசகலை, நிமிஷம் பிசகலை. இப்ப முதல் வரியைப் பாருங்க." செம்மொழி திரையை நகர்த்தினாள். "பெட்டி தஞ்சாவூருக்கு எழுதின முதல் வரி. 'கடிகாரம் மாற்றப்பட்டது. ஜூலை இருபத்து நாலிலிருந்து ஆகஸ்ட் இருபத்தொன்றுக்கு.' அதை மாத்தினப்ப கற்பூரத் தட்டு உங்க கையிலதான் இருந்துச்சு சார்."

ஜன்னலோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இளையபெருமாளின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

"ஆவணியாக்கச் சொன்னது நீங்களா?" என்றார் ராசம்மாள்.

"ஆடியில... புதுசு எதையும்... ஒரு நம்பிக்கைதாங்கம்மா."

"ஆடியிலதான் விதை எல்லாம் கொடுக்கிறோம். விதைக்கு ஆகுற ஆடி பெட்டிக்கு ஆகாதா?" அவர் குரலில் கோபம் இல்லை. "உங்க நம்பிக்கை உங்களோட. ஆனா அந்தப் பொண்ணு ஆத்துல நின்னப்ப திருடன் உள்ள வந்திருக்கான், அது எழுத்துல இருக்கு. இல்லாத மாசத்துல ஒளிஞ்சு கிடந்திருக்கு. பாவம், ஊரே அவளைப் பேசுது. சொல்ல வேண்டியதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க, எல்லாரும் கேக்குற மாதிரி."

செம்மொழி கடிகாரத்தைத் திருத்தினாள். ஒரு சொடுக்கில் பெட்டி செப்டம்பரிலிருந்து ஆகஸ்ட் ஐந்துக்குத் திரும்பியது. போனில் ஹஃப்ஸா, "இன்னிக்குத் தேதியில விழுந்துச்சுக்கா! பூதலூர் வந்துடுச்சு!" என்று கத்தினாள். இனிமேல் பெட்டி என்ன தேதி சொன்னாலும் சரி, வந்து சேர்ந்த நேரத்தையும் களஞ்சியமே தன் கையால் எழுதி வைக்கும்படி மாற்றுகிறேன் என்று வேறு சொன்னாள். அந்த யோசனை தனக்கு முன்னால் அவளுக்குத் தோன்றியதில் செம்மொழிக்குப் பெருமை தாங்கவில்லை.

இளையபெருமாள் மேகலாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். ஜன்னலில் இருந்தவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"தப்பா சொல்லிட்டேம்மா. விசாரிக்காம சொன்னது என் தப்பு." சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "ஆவணி ஒண்ணாந்தேதி... வழக்கம்போல வேலைக்கு வந்துடும்மா."

மேகலா எழுந்து நின்றாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"உங்க பெட்டிக்குள்ள ஆவணி பொறந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு சார். நான் தினமும் வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"